சுரபி திரும்பிய கரை

உடம்பு முடியாமல் படுத்திருப்பதாகச் சொல்லப்பட்ட சுகிர்தா, திருச்சியில் தன் வீட்டு வாசலில் நின்று மீன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய கமலவேணி பையோடு அப்படியே நின்றுவிட்டாள். சுகிர்தா அவளுடைய ஓரகத்தி. கொழுந்தன் இளங்கீரனின் மனைவி. முந்தின நாள், சென்னையில் கடல் ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்க்கும் இளங்கீரன் போன் செய்து, "அண்ணி, சுகிர்தாவுக்கு ரொம்ப முடியல. என்னால ஆபீசை விட்டு நகர முடியாது. நீங்களும் அண்ணனும் உடனே கிளம்பித் திருச்சிக்குப் போயிடுங்க" என்று அழாத குறையாகச் சொல்லியிருந்தான்.

"உனக்கு என்னடி ஆச்சு?"

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லையேக்கா. நீங்க ரெண்டு பேரும் வர்றீங்கன்னு அவர் சொன்னாரு. மாமா வரலையா?"

மாமா வரவில்லை. நமச்சிவாயம் உரித்த தேங்காயைக் களத்தில் குவித்துவைத்துக்கொண்டு லாரிக்காகக் காத்திருந்தார். "நீ முன்னால போ. ஏத்திவிட்டுட்டு நாளைக்கு வந்துடுறேன். புள்ளை பயந்துபோயிருக்கான் பாரு" என்று மனைவியை பஸ் ஏற்றிவிட்டிருந்தார். புள்ளை என்றது தம்பியைத்தான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கமலவேணி வாக்கப்பட்டு வந்தபோது ஆறாம் வகுப்பில் இருந்த இளங்கீரனை, தாய் தகப்பன் போன பிறகு, இருவரும் பிள்ளையாகத்தான் வளர்த்தார்கள்.

இளங்கீரனைக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. அன்று டிவியில் எல்லா சேனலிலும் சுரபிதான். எந்த நாட்டுக்காரர்களோ வைத்த பெயர். அந்தப் புயல் சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அங்கே பள்ளிகளுக்கு விடுமுறை, கடற்கரைச் சாலையில் மணல் மூட்டைகள். டெல்டாவுக்கு மிதமான மழை என்றார்கள். கமலவேணி கணவருக்குப் போன் செய்து களத்தில் தார்ப்பாய் போடச் சொன்னாள். சரி என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

விடிந்தபோது சுரபி திரும்பியிருந்தது. நடுக்கடலில் தெற்கே வளைந்து, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவில் கரையைக் கடந்து போயிருந்தது. சென்னையில் வெயில் அடித்தது. "இயற்கை நம்மை ஏமாற்றிவிட்டது" என்று ஒரு அதிகாரி டிவியில் வருத்தமாகச் சொன்னார்.

பட்டுக்கோட்டைக்கு அப்பால் பஸ் இல்லை. ரோட்டில் குறுக்கே கிடந்த மரங்களை ஏறித் தாண்டி நடந்து கமலவேணி மணற்கொல்லைக்காட்டுக்கு வந்து சேர்ந்தபோது, எது தன் ஊர் என்று அவளுக்கே தெரியவில்லை. தோப்புக்குள் ஒளிந்திருந்த ஊர் அது. வெளியூர்க்காரர்கள் வீடுகளைத் தேடிக்கொண்டு வருவார்கள். இப்போது ஊரின் ஒரு முனையில் நின்றால் மறுமுனையும் அதற்கு அப்பால் கடலும் தெரிந்தன. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாக, யாரோ படுக்கவைத்ததுபோல் கிடந்தன. நமச்சிவாயம் களத்துக் கொட்டகையில் ஒதுங்கியிருந்திருக்கிறார். அதன் மேல்தான் மரம் விழுந்திருந்தது.

ஊரில் பல வீடுகளில் சாவு. பக்கத்துத் தெரு சபுராவின் மகள் பர்ஹானா இடிந்த சுவரின் அடியில் சிக்கிப் போய்விட்டாள். கல்லூரியில் முதல் வருடம். சபுரா அழவில்லை. மண்ணைக் கிளறி மகளின் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து ஒரு வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு பிழைப்பின் சாவு தொடங்கியது. விழுந்த மரங்களைச் செங்கல் சூளைக்கு விறகாக வாங்க வியாபாரிகள் வந்தார்கள். கேட்ட விலையில் வெட்டுக்கூலிகூடத் தேறவில்லை. கன்று வைத்தால் அது காய்க்கும்வரை என்னத்தைத் தின்பது என்று யாரும் சொல்லவில்லை. அரசாங்கம் விழுந்த மரத்துக்கு இவ்வளவு என்று நிவாரணம் அறிவித்தது. ஆனால் மரம் ஏறியவர்கள், காய் உரித்தவர்கள், மட்டை அடித்துக் கயிறு திரித்த பெண்கள், இவர்கள் யாருக்கும் சொந்தமாக மரம் இல்லை. மரம் இல்லாதவர்களுக்கு மர இழப்பும் இல்லையாம். அவர்கள் குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு பஸ் ஏறினார்கள். சபுராவும் உரிக்கும் வேலைக்குப் போனவள்தான்.

ஒரு நாள் தண்ணீர் லாரியின் வரிசையில் சபுரா திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க்கா, நீங்க எப்படி அன்னைக்குப் பார்த்து ஊர்ல இல்லாமப் போனீங்க?"

வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. கமலவேணி குடத்தை முன்னால் நகர்த்திவைத்தாள். அதே கேள்வியைத்தான் அவளும் தனக்குள் போட்டுக் கொதித்துக்கொண்டிருந்தாள்.

கருமாதி அன்று காலையில் இளங்கீரன் வந்தான். அண்ணன் எரிந்தபோது அவன் வரவில்லை, ஆபீசில் விடமாட்டோம் என்றுவிட்டார்களாம். முகமெல்லாம் தாடி. காரியம் முடிந்து, பந்தலில் ஊர்க்காரர்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கமலவேணி அவனை அடுப்படிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"சுகிர்தாவுக்கு என்ன வியாதி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உன்னைத்தான் கேக்குறேன். உனக்கு முன்னாலயே தெரியும். டிவிக்காரனுக்குத் தெரியாதது, கலெக்டருக்குத் தெரியாதது உனக்கு எப்படிரா தெரியும்?"

"அது தானாத் திரும்பல அண்ணி."

"என்னது?"

"நாங்க திருப்பினோம்."

அவளுக்குப் புரியவில்லை. காற்றை யார் திருப்ப முடியும்? அவன் கீழே பார்த்தபடியே சொன்னான். "புயலுக்குச் சாப்பாடே கடலோட சூடுதான். ஒரு பக்கத்துக் கடலைக் குளுரவச்சிட்டா, சூடு இருக்கிற பக்கமா அது சாஞ்சு போகும். எங்ககிட்ட அதுக்குன்னு கப்பல் இருக்கு. ஆழத்துல இருக்கிற குளுந்த தண்ணியை இழுத்து மேல கொட்டும். ரொம்ப வருஷமா சோதனை பண்ணிக்கிட்டு இருந்தோம். நெசமான புயல்ல இதுதான் முதல் தடவை."

"சென்னைக்குப் போக வேண்டியதை இங்க அனுப்புனீங்களா?"

"எங்க அனுப்பினா நஷ்டம் கம்மின்னு கணக்குப் போடச் சொன்னாங்க. அங்க துறைமுகம், தொழிற்சாலை, கோடிக்கணக்கான ஜனம். இங்க... தென்னந்தோப்பு. கணக்கை நான்தான் போட்டேன்."

"கணக்குல உங்க அண்ணன் எவ்வளவு வந்தாரு?"

"அண்ணி..."

"சொல்லுடா. சபுரா மக எவ்வளவு வந்துச்சு?"

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அவளுடைய கோபம் அப்போதும் உச்சத்துக்குப் போகவில்லை. கூடுதலான ஜனத்தைக் காப்பாற்றக் குறைவான ஜனம் இருக்கும் இடத்துக்குத் தள்ளினார்கள். அக்கிரமம்தான். ஆனாலும் அதற்கு ஒரு வாதமாவது இருக்கிறது. அவளைக் குத்திக்கொண்டிருந்தது வேறு.

"சரி, திருப்பிட்டீங்க. திருப்பப்போறோம், ஓடிப்போங்கன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா யாராவது கோர்ட்டுக்குப் போயிருப்பாங்க. தடை வாங்கிட்டா நேரம் போயிடும். கடல்ல சில மணி நேரம்தான் திருப்புறதுக்கு வாய்ப்பு. சொன்னா தாமதமாகும்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. எங்க போனையெல்லாம் வாங்கி வச்சுக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி கிடைச்ச ரெண்டு நிமிஷத்துல நான் உங்களுக்கு..."

"எங்களுக்கு மட்டும்."

"எனக்கு வேற வழி தெரியல."

"உண்மையைச் சொல்லியிருந்தா உங்க அண்ணன் ஊரையே எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பாரு. அது தெரிஞ்சுதான் பொய் சொன்ன. இல்லையா?"

கமலவேணி அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினாள். வாழ்நாளில் அவன் மேல் கை வைக்காதவள்.

"நட. பந்தல்ல எல்லாரும் இருக்காங்க. எனக்குச் சொன்னதை அவங்களுக்குச் சொல்லு."

"ஜெயில்ல போட்டுடுவாங்க அண்ணி."

"போடட்டும்."

அவள் கதவைத் திறந்தாள். அவன் போய் இலைகளுக்கு நடுவே நின்று சொன்னான். முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு யாரோ இலையை மடக்கி எறிந்தார்கள். அடித்தார்கள். கமலவேணி தடுக்கவில்லை. யாரோ ஒருவர் எல்லாவற்றையும் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் அது நாடெங்கும் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் டிவியில் பார்த்தது. மறுப்பு, அப்புறம் விளக்கம், அப்புறம் வருத்தம். இளங்கீரனுக்கு வேலை போய் வழக்கு வந்தது. சில மாதம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். அவனுக்கு மேலே முடிவெடுத்தவர்களுக்கு இடமாற்றம் வந்தது. நீதிமன்றம், புயலைத் திருப்பினால் அனுப்புகிற கரையும் வாங்குகிற கரையும் சம்மதிக்க வேண்டும் என்றது. ஒவ்வொரு கரைக்கும் ஒரு குழு அமைக்கத் தொடங்கினார்கள். குழுவில் எல்லோரும் சம்மதித்தால்தான் செல்லும். மணற்கொல்லைக்காட்டுப் பகுதிக் குழுவில் கமலவேணியையும் போட்டார்கள். சத்தம் போட்டவளை உள்ளே உட்காரவைத்துவிட்டால் சத்தம் குறையும் என்று யாரோ நினைத்திருக்கலாம்.

ஊர் மெல்ல எழுந்தது. கமலவேணி தோப்பில் புதுக் கன்று வைத்தாள். சபுராவுக்கு ஜமாஅத்தில் பணம் திரட்டி ஒற்றை அறை கட்டிக்கொடுத்தார்கள். திருப்பூர் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள்.

மறு கார்த்திகையில் வங்கக்கடலில் இன்னொன்று உருவாயிற்று. அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கமலவேணி கேட்டுக்கொள்ளவில்லை. இந்த முறை அதன் இயல்பான பாதையே இந்தக் கரைதான் என்றார்கள்.

இளங்கீரன் இருந்த மையத்தின் புது இயக்குநர் வசுந்தரா பள்ளிக்கூடத்துக்கு நேரில் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, தணிந்த குரல். குழு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஊர் ஜன்னல்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

"போன தடவை உங்களுக்கு அநியாயம் நடந்தது. அதை நான் மறைக்கப் போறதில்லை," என்றார் வசுந்தரா. "இந்தத் தடவை உங்களைக் காப்பாத்தணும்னுதான் வந்திருக்கேன். கப்பல்கள் தயாரா இருக்கு. நீங்க சரின்னு சொன்னா புயலைத் தெற்கே தள்ளிடலாம். உங்க தோப்பு, வீடு எதுக்கும் சேதம் வராது."

ஜன்னலில் கைதட்டல் எழுந்தது. "சரி! சரி!" என்று குரல்கள். குழுவில் மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள்.

"தெற்கேன்னா எங்க?" என்று கமலவேணி கேட்டாள்.

"தொண்டிக்கும் கீழே. அங்கே பெரிசா ஒண்ணும் இல்லைம்மா. வெறும் கருவேலங்காடு. நாலஞ்சு மீனவக் குடியிருப்பு."

"அங்க சொல்லியாச்சா?"

வசுந்தரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கரைக்கு இன்னும் குழு அமைக்கலை. முதல்ல நீங்க ஒத்துக்கணும். அவங்க சம்மதத்தை அப்புறம் நாங்க பார்த்துக்குவோம்."

"எப்பச் சொல்லுவீங்க?"

"இப்போ சொன்னா தாமதமாகும். சாயங்காலத்துக்குள்ள கப்பல் கிளம்பணும்."

அடுப்படியில் கமலவேணி கேட்ட அதே வார்த்தை. ஆள் மாறியிருந்தது, குரல் மரியாதையாகியிருந்தது, வார்த்தை மாறவில்லை.

"வெறும் கருவேலங்காடு," என்றாள் அவள் எழுந்து. "எங்களை என்ன சொன்னீங்க அன்னைக்கு? வெறும் தென்னந்தோப்புன்னுதானே? அந்தக் காட்டுக்குள்ள ஒருத்தி இப்ப மீன் காய வச்சுக்கிட்டு இருப்பா. டிவியில மிதமான மழைன்னு சொல்லுவீங்க. அவளும் நம்பிப் பாயைப் போட்டு மூடிட்டு உள்ள போய்ப் படுப்பா. எனக்கு இது வேணாம். நான் சம்மதிக்க மாட்டேன்."

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க. இங்க இருக்கிற மக்களை யோசிங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன். வர்றது வரட்டும். ரெண்டு நாள் இருக்குல்ல? உங்க கப்பலுக்கு ஆகிற செலவுல எங்களுக்கு பஸ் அனுப்புங்க. மாடு ஏத்த லாரி அனுப்புங்க. எப்ப வரும், எவ்வளவு காத்து, எவ்வளவு தண்ணி, எல்லாத்தையும் மறைக்காமச் சொல்லுங்க. அது போதும்."

ஜன்னல்களில் கூச்சல் வெடித்தது. யாரோ செருப்பை வீசினார்கள். "உனக்கு புருஷன் போயாச்சு, எங்களுக்கு வீடு போகணுமா?" என்றார் ஒருவர். கூட்டத்தைப் பிளந்துகொண்டு சபுரா உள்ளே வந்தாள்.

"நான் இப்பத்தாங்க்கா ஒரு ரூம்பு கட்டியிருக்கேன். யாரு யாருகிட்டயோ கையேந்திக் கட்டுனது. அதையும் கடல்ல விடச் சொல்றீங்களா?"

"சபுரா, அங்கயும் உன்னை மாதிரி..."

"எனக்கு அங்க யாரையும் தெரியாது! எனக்காக எவன் யோசிச்சான்? ஒங்க கொழுந்தன் ஒரு தடவை எங்களைக் கொன்னான். இப்ப நீங்க ரெண்டாவது தடவை கொல்றீங்க."

கமலவேணி சொல்ல இருந்த எதுவும் சபுராவின் முகத்துக்கு முன்னால் நிற்கவில்லை. ஊருக்காக முடிவெடுக்கத் தான் யார் என்ற கேள்வி அவளுக்குள்ளும் இருந்தது. ஆனாலும் சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட அவள் பேனாவைத் தொடவில்லை. வசுந்தரா நெடுநேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போனார்.

பஸ்கள் வந்தன. இதுவும் வசுந்தரா செய்ததுதான்; கேட்டதற்கு மேலேயே அனுப்பினார். தெருத்தெருவாக ஒரு மைக் செட் ஆட்டோ போயிற்று. "புயல் நாளை மறுநாள் காலை இதே இடத்தில் கரையைக் கடக்கும். ஓட்டு வீட்டில், கூரை வீட்டில் யாரும் தங்க வேண்டாம்." அது இளங்கீரனின் குரல். ஜாமீனில் இருந்தவன் யாரும் கூப்பிடாமல் வந்திருந்தான். தொண்டை கட்டிப்போகிறவரை கத்திக்கொண்டே போனான். கமலவேணி வேலியோரம் நின்று கேட்டாள். அவளுக்கு மனம் இளகவில்லை. இந்தக் குரல் போன வருடம் வந்திருக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் ஆட்டோவை நிறுத்தி, "அண்ணி" என்றான். அவள் உள்ளே போய்விட்டாள்.

சபுரா மட்டும் பஸ் ஏற மறுத்தாள். புது அறையின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். போலீஸ்காரர் கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனார். கமலவேணி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"ஒங்க மூஞ்சியில முழிக்கவே எனக்குப் பிடிக்கல. போங்க."

"நீ போனாத்தான் நான் போவேன்."

"சாவுங்க அப்ப."

"சரி."

கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து சபுரா எழுந்து, கதவைப் பூட்டி, திட்டிக்கொண்டே ஏறினாள். ஊரைத் தங்கவைத்த ஒரத்தநாட்டுக் கல்யாண மண்டபத்தில் அவள் கமலவேணிக்கு முதுகைக் காட்டியே படுத்திருந்தாள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான்.

புயல் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் வந்தது. சுரபியைவிடக் கடுமை என்றார்கள்.

வழி திறந்ததும் எல்லோரும் திரும்பி வந்தார்கள். வைத்த கன்றுகள் இல்லை. ஓடுகள் இல்லை. கமலவேணியின் வீட்டில் பின்சுவர் மட்டும் நின்றது. சபுராவின் அறை இருந்த இடத்தில் ஒரு குட்டை தேங்கியிருந்தது. கதவுச் சாவி அவள் கையிலேயே இருந்தது.

ஊர்க்காரர்கள் பழக்கத்தில் இடிபாடுகளைக் கிளறத் தொடங்கினார்கள். போன வருடம் பழகிய வேலை. ஒரு சுவரைத் தூக்கினார்கள், அடியில் பாத்திரம். கூரையை நகர்த்தினார்கள், அடியில் கட்டில். தெருவில் ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டு, "உங்க வீட்ல?" என்றார். "எல்லாரும் இருக்கோம். உங்க வீட்ல?" "இருக்கோம்." அந்தப் பேச்சு வீட்டுக்கு வீடு போயிற்று. கீழத்தெருவிலிருந்து ஓடிவந்த ஒருவர், "நம்ம ஊர்ல ஒரு உசுருகூடப் போகலையாம். பக்கத்து ஊர்லயும் இல்லையாம்" என்றார். மகிழ்ச்சி என்று சொல்ல முடியாத ஒரு முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சபுரா குட்டையின் ஓரத்தில் நின்று அதைக் கேட்டாள். வீட்டைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் பெண்பிள்ளையைப் பார்த்தாள். பிறகு சேற்றில் அப்படியே உட்கார்ந்தாள். பர்ஹானா போனதிலிருந்து யார் எதிரிலும் அழாதவள், ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஓலமிட்டு அழுதாள்.

கமலவேணி ஓடிப்போய்ப் பிடித்தாள். "வீடுதானடி. கட்டிக்கலாம்."

சபுரா அவள் இரண்டு கைகளையும் பிடித்து உலுக்கினாள்.

"வீட்டுக்கா அழுவுறேன்? இம்புட்டுதானாக்கா? மைக்குல ஒரு வார்த்தை, ஏத்த ஒரு பஸ்ஸு. இம்புட்டு இருந்தாப் போதுமா இருந்துச்சா அன்னைக்கு எம்புள்ளைக்கு?"